மெல்பர்னில் இருக்கும் மகளுக்கு: முடி உதிர்வைப் பற்றி

ஈப்போ,
ஜூலை மாதம்.

அன்பு மகள் தேன்மொழிக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தம்பி சனிக்கிழமைதோறும் வந்து போகிறான். இந்தக் கடிதத்தை ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன். உனக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்வதாகவும், அதற்காக ஹோ சவ் வூ என்ற சீன மூலிகை மாத்திரையை இணையத்தில் வாங்கி இரு வேளையும் விழுங்கி வருவதாகவும் தம்பி சொன்னான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, நான் வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தான். திரையில் உன் முகம் தெரியாமல் குரல் மட்டும் கேட்கிற வாரங்கள் கூடிக்கொண்டே போனால், பெற்றவர்கள் யாரிடமாவது கேட்கத்தானே செய்வார்கள்?

அந்த மாத்திரையை இன்றே நிறுத்திவிடு. காரணத்தைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன், ஆனால் அதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் நிறுத்து.

நான் மருத்துவன் அல்லன். சீன மருந்துக் கடையில் சின்சே என்கிற சீன வைத்தியரின் சீட்டைப் பார்த்து, இழுப்பறைகளிலிருந்து வேரையும் பட்டையையும் எடுத்து, கைத்தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொடுத்தவன். அந்தச் சம்பளத்தில்தான் நீயும் தம்பியும் படித்தீர்கள். நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நீ என்பதைச் சின்சேயே கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட நீ, மருந்தின் பெயரை மட்டும் கடையிலிருந்து நினைவில் வைத்துக்கொண்டு, அது யாருக்கு, எப்போது, எதனோடு சேர்த்துக் கொடுக்கப்படும் என்பதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கியதுதான் எனக்கு வருத்தம்.

ஹோ சவ் வூ ஒரு கொடியின் கிழங்கு. பச்சையாக நறுக்கிக் காயவைத்தது செம்பழுப்பாக இருக்கும், அது வயிற்றைப் போக்கும். கறுப்பு அவரைச் சாற்றில் ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, அதையே திரும்பத் திரும்பச் செய்து கறுக்கவைத்ததுதான் முடிக்குக் கொடுக்கப்படுவது. சிறுநீரகத்தையும் கல்லீரலையும் வளர்த்து இரத்தத்தைக் கூட்டும் என்பது சீன வைத்தியர்களின் கணக்கு. சீனாவில் மிங் அரச காலத்தில் ஜியாஜிங் பேரரசருக்கே இந்தக் கிழங்கை முதன்மையாகக் கொண்ட ஏழு மருந்துக் கூட்டைக் கொடுத்தார்கள் என்ற வரலாறு உண்டு, அதனால்தான் இதற்கு இத்தனை புகழ். ஆனால் இதே கிழங்கால் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006-லேயே எச்சரித்தது. சீன அரசாங்கமே 2014-இல் இது சேர்ந்த உடல்நலப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பதப்படுத்தியது பச்சையைவிடச் சாதுவானது என்று சொல்வார்கள், ஆனாலும் அதைச் சாப்பிட்டும் சிலருக்குப் பாதிப்பு வந்திருக்கிறது. சிலருடைய உடலில் பிறப்பிலேயே உள்ள ஒரு மரபணு வகை இந்த ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது என்று பின்னர் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது உனக்கு இருக்கிறதா என்பதைப் புட்டியின் வெளிப்புறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெரும்பாலோர் மருந்தை நிறுத்தியதும் தேறிவிடுகிறார்கள், தேறாமல் போனவர்களும் உண்டு. பசியின்மை, குமட்டல், காரணமில்லாத அசதி, சிறுநீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் போவது, கண்ணில் மஞ்சள் தட்டுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போ. ஒன்றும் இல்லாவிட்டாலும் கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்.

முடியை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சொன்னால்தான், நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்பது உனக்குப் புரியும். முடி என்பது இரத்தத்தின் மிச்சம் என்று சின்சே சொல்வார். உடம்பு தனக்குக் கிடைத்த இரத்தத்தை உள்ளுறுப்புகளுக்குக் கொடுத்து, தசைக்குக் கொடுத்து, எஞ்சியதைத்தான் முடிக்கு அனுப்புகிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை என்று உன் தாத்தா தம் ஊரைப் பற்றிச் சொல்வாரே, அதைப் போலத்தான். சிறுநீரகத்தின் செழிப்பு முடியில் தெரியும் என்பது அவர்களுடைய இன்னொரு கொள்கை. இங்கே சிறுநீரகம் என்றால் நீ பள்ளியில் படித்த உறுப்பு மட்டும் இல்லை, பிறக்கும்போதே வாங்கிவந்த உயிர்ச்சத்தின் சேமிப்பையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஹுவாங்தி நெய்ஜிங் என்ற சீன மருத்துவ நூல் பெண்ணின் வயதை ஏழு ஏழு ஆண்டுகளாகப் பிரிக்கிறது. 28 வயதில் முடி முழு வளர்ச்சி அடையும் என்றும், 35-இல் முகம் வாடவும் முடி உதிரவும் தொடங்கும் என்றும், 42-இல் நரை காணும் என்றும் அதில் இருக்கிறது. வரும் நவம்பரில் உனக்கு 35 ஆகிறது என்பதற்காக இதை எழுதவில்லை. அது பொதுக்கணக்கு. உன் முடி வயதினால் உதிர்கிறது என்று நான் நம்பவில்லை.

ஒரே குறைக்கு ஒரே மருந்து என்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. ஒரே நாளில் இரண்டு பெண்கள் முடி உதிர்கிறது என்று வந்து உட்கார்ந்தால், சின்சே இருவருக்கும் நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, இரண்டு வேறு சீட்டுகளை எழுதுவார். உதடும் நாக்கும் வெளுத்து, படுத்தால் தூக்கம் வராமல், நின்றால் தலை சுற்றுகிறவளுக்கு இரத்தக் குறைவு என்று தோங் குவாய், சுக் தெய் முதலிய வேர்கள் சேர்ந்த சீட்டு வரும். தலையில் எண்ணெய் வழிந்து, அரிப்பும் மஞ்சள் செதிலும் இருந்து, நாக்கில் மஞ்சளாகத் தடித்த படிவு தெரிந்தால் அது ஈரச்சூடு, அதாவது உடம்பில் ஈரமும் சூடும் சேர்ந்து தேங்குவது. அவளுக்குச் சத்து மருந்தைக் கொடுத்தால் சூடு கூடி உதிர்வது அதிகமாகும் என்று சூட்டைத் தணிக்கிற மருந்தை மட்டும் கொடுத்து, பொரித்ததையும் டுரியானையும் தொடக்கூடாது என்று அனுப்பிவிடுவார். காசு அளவுக்கு வட்டமாகக் கொட்டினால் அது வேறு. அதற்குச் சிறு சுத்தியலின் முனையில் ஐந்து அல்லது ஏழு நுண்ணூசிகள் பதித்த கருவியால், தோல் இலேசாகச் சிவக்கும்வரை மெல்லத் தட்டுவார். ஆங்கில மருத்துவத்தில் இப்படி வட்டமாகக் கொட்டுவதை உடலின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குவது என்கிறார்கள். உனக்கு வட்டமாக விழுகிறதா, தலை முழுவதும் பரவலாக உதிர்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியவில்லை. நீ காட்டினால்தானே தெரியும்?

இன்னொரு காரணமும் சொல்வார்கள். 1830-இல் வாங் சிங்ரன் என்ற மருத்துவர், தோலுக்கு அடியில் இரத்தம் தேங்கி வழி அடைத்துக்கொண்டால் புது இரத்தம் முடிக்குச் சேராமல் உதிரும் என்று எழுதி, குசும்பப் பூ, பீச் பழ விதைப் பருப்பு முதலியவை சேர்ந்த ஒரு கசாயத்தை வகுத்தார். இவை இரத்தத்தை ஓடவைக்கிற மருந்துகள். கருவுற்ற பெண்ணுக்கும் கருவுறக்கூடும் என்ற நிலையில் இருக்கிற பெண்ணுக்கும் இவற்றைக் கொடுக்கவே மாட்டார்கள். இதற்காகத்தான் எந்தப் பெண் வந்தாலும் சின்சே முதலில் மாத விவரத்தைக் கேட்பார், பிரசவ விவரத்தைக் கேட்பார், இடையில் நடந்தவை எல்லாவற்றையும் கேட்பார். இணையக் கடை இதில் எதையும் கேட்டிருக்காது.

தேன்மொழி, உன்னைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே, கடையில் கண்டதை எழுதுகிறேன். குழந்தை பிறந்த சீனப் பெண்கள் ஒரு மாதம் காற்றுப் படாமல் இருந்து, இஞ்சியும் சிவப்புப் பேரீச்சையும் போட்ட வடிநீர் குடிப்பதை நீ அறிவாய். கரு நிலைக்காமல் போன பெண்ணுக்கும் அவர்கள் அதே காப்பைக் கொஞ்சம் சிறிய அளவில் செய்வார்கள். முழுப் பிரசவத்தைவிடக் குறைப்பிரசவமே உடம்புக்குக் கனமானது என்று 16-ஆம் நூற்றாண்டில் சுவே ஜி என்ற மருத்துவர் எழுதிவைத்ததைச் சின்சே அந்தப் பெண்களின் மாமியார்களுக்கு எடுத்துச் சொல்லி, வீட்டு வேலைக்கு விடாதீர்கள், அழுதால் தடுக்காதீர்கள் என்று அனுப்புவார். இரண்டு மூன்று மாதம் கழித்து அவர்களில் சிலர் சீப்பில் சுருண்ட முடியோடு திரும்ப வருவார்கள். அப்போது சின்சே முடியைப் பற்றிப் பேசவே மாட்டார். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, வீட்டில் யாரிடமாவது பேசுகிறாயா என்றுதான் கேட்பார். ஓயாத நினைப்பு மண்ணீரலைக் கெடுத்து இரத்தம் ஊறாமல் செய்யும், அச்சம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது அவர்கள் பாடம். தோல் மருத்துவர்கள் சொல்வதும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. பிரசவமோ, இரத்த இழப்போ, கடும் காய்ச்சலோ, பெரிய துயரமோ நேர்ந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடியில் கணிசமான பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் சேர்ந்தாற்போல் உதிரும் என்கிறார்கள். அந்த உதிர்வு பெரும்பாலும் தானாகவே நின்று, ஆறு மாதங்களில் புதுமுடி தெரிய ஆரம்பிக்கும்.

மார்ச்சில் நீ ஒரு வாரத்திலேயே வேலைக்குத் திரும்பினாய். மாப்பிள்ளையும் உன்னைத் தடுக்கவில்லை, நாங்களும் தடுக்கவில்லை. நீயாகச் சொல்லும்வரை இதற்கு மேல் நான் கேட்கமாட்டேன்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்து. அடுத்து, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போய்க் கல்லீரலோடு சேர்த்து இரத்தத்தின் அளவு, இரும்புச் சத்தின் சேமிப்பு, தைராய்டு ஆகியவற்றையும் பார்க்கச் சொல். இரும்புச் சத்துக் குறைந்தால் முடி உதிரும், தைராய்டு கெட்டாலும் உதிரும், இவற்றை நாடியை மட்டும் பிடித்துக் கண்டுபிடிக்க முடியாது என்று சின்சேயே பலரை மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதன் பிறகும் சீன மருந்து வேண்டும் என்று தோன்றினால், எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் நேரில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீ இருக்கும் விக்டோரியா மாநிலம் 2000-ஆம் ஆண்டிலேயே சீன மருத்துவர்களைப் பதிவுசெய்யச் சட்டம் இயற்றியது. 2012 முதல் ஆஸ்திரேலியா முழுவதிலும் பதிவு கட்டாயம். ஆகவே பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பார். அவரிடம் எதையும் மறைக்காதே. இந்த மாத்திரையைச் சாப்பிட்டதைச் சொல், மார்ச்சைச் சொல், மறுபடியும் குழந்தைக்கு எண்ணம் இருந்தால் அதையும் சொல். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருக்கலாம், மருத்துவரிடம் கூச்சம் கூடாது. மூன்று மாதத்துக்குக் குறைந்து பலனை எதிர்பார்க்காதே. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதை யாராலும் விரட்ட முடியாது.

சாப்பாட்டில் நீயே செய்துகொள்ளக்கூடியவை உண்டு. கறுப்பு எள்ளை வறுத்து அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சு, சின்ன வயதில் பழைய கடைத்தெருவில் கிண்ணத்தை வழித்து வழித்துச் சாப்பிடுவாயே, அதுதான். கறுப்பு அவரையும் சிவப்புப் பேரீச்சையும் போட்டுக் கோழி வடிநீர் வை. முட்டையும் கீரையும் தவறக்கூடாது. வெறும் காப்பியைக் குடித்துவிட்டு மதியம்வரை இருக்காதே. பாட்டி உன் தலைக்குக் காய்ச்சிய தைலத்தில் போட்ட கரிசலாங்கண்ணியைச் சீனர்களும் முடிக்குக் கொடுக்கிறார்கள், இன்னொரு காயோடு சேர்த்து உருண்டையாக. தைலமாகத் தேய்ப்பதில் தவறில்லை, ஆனால் அதையும் மாத்திரையாக வாங்கி விழுங்கத் தொடங்கிவிடாதே. எதையும் நீயாக வாங்கி விழுங்காதே. விதையும் வேரும் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் அறிவிக்காமல் கொண்டுபோகக்கூடாது என்பதால் இங்கிருந்து நான் எதுவும் கொடுத்தனுப்பப் போவதில்லை. மெல்பர்னிலேயே பாக்ஸ் ஹில் பக்கம் எல்லாம் கிடைக்கும்.

அம்மாவின் கடவுச்சீட்டைப் புதுப்பித்துவிட்டேன். ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் அவளை அனுப்பலாம் என்றிருக்கிறேன், ஒரு மாதம் உன்னோடு இருப்பாள். வேலை இருக்கிறது, வீடு சிறியது என்றெல்லாம் சொல்லாதே. அவள் வந்து சமைத்துப் போடட்டும், நீ விடுப்பு எடுத்துப் படுத்துக்கொள். இப்போதாவது அந்த ஒரு மாதத்தை எடுத்துக்கொள். விமானச் சீட்டு வாங்குவதற்குள் உன் பதில் வர வேண்டும். அதோடு மாத்திரைப் புட்டியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து, தம்பிக்கு அனுப்பாமல் நேராக எனக்கு அனுப்பு. அதில் வேறு என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். அவரும் சரியாகச் சாப்பிடுகிறாரா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா