முதலைக்கு இனிமேல் யார் பழம் கொடுப்பார்கள்?

கல்லிடைக்குறிச்சி,
வைகாசிக் கடைசி

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார இன்றைக்குத்தான் முடிந்தது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, அடுத்த கண்ணுக்கு ஆடி கழியட்டும் என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் எழுத்தைக் கொட்டை கொட்டையாகப் போட்டிருக்கிறேன். ஒன்றாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதிய கை. பெரிய எழுத்து இன்னும் நன்றாக வருகிறது. போனில் பேசலாம்தான். ஆனால் போனில் உனக்கும் எனக்கும் மாத்திரை, மூட்டுவலி, மருமகள் என்றே நேரம் போய்விடுகிறது. வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் ஞாபகம் வருகிறது.

ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். கார் நெல்லுக்கு எப்போது அணை திறப்பார்கள் என்று எல்லோரும் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உனக்கு அப்பளம் இரண்டு கட்டு தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பெரியவனின் மகள் மீனு விடுமுறைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. இந்தக் கடிதமே அவளால்தான்.

ஏழு வயசு. சென்னைப் பிள்ளை. வந்த நாலு நாளும் செல்போனை விட்டு நிமிரவில்லை. ஐந்தாம் நாள் ராத்திரி கரண்ட் போயிற்று. செல்போனும் உயிரை விட்டுவிட்டது. தட்டட்டியில் பாயை விரித்துப் பனையோலை விசிறியோடு உட்கார்ந்தேன். வேறு வழியில்லாமல் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, “ஆச்சி, ஏதாவது கதை சொல்லு” என்றாள். நாவல் மரத்துக் குரங்கும் முதலையும் கதையை எடுத்துவிட்டேன். எத்தனை வருஷமாகச் சொன்ன கதை! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குரங்கு பழம் பறித்துப் போடுகிறது, முதலை தின்கிறது, பெண்டாட்டிக்கும் கொண்டுபோகிறது. அவள் குரங்கின் ஈரல்தான் வேண்டும் என்று படுத்துக்கொள்கிறாள். பாதி ஆற்றில் முதலை உண்மையைச் சொல்கிறது. “அடடா, ஈரலை மரத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேனே!” என்கிறது குரங்கு. முதலை திரும்புகிறது. குரங்கு ஒரே தாவலில் மரத்தில்.

இந்த இடத்தில் வகுப்பில் பிள்ளைகள் கைதட்டுவார்கள், நானும் நிறுத்திவிடுவேன். மீனு கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம் மட்டும்தான். அப்புறம் கேட்டாள்: “இனிமே முதலைக்கு யார் ஆச்சி பழம் குடுப்பா?”

ஏட்டி, எனக்குப் பதில் வரவில்லை. “தூங்கு, நாளைக்குச் சொல்கிறேன்” என்று சமாளித்தேன். அவள் தூங்கிவிட்டாள், நான்தான் விழித்துக் கிடந்தேன்.

தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழாக்கிய பஞ்சதந்திரம் 1826இல் அச்சானது. அதில் ஐந்து தந்திரங்களுக்கும் பெயர் உண்டே, மித்திரபேதம், சுகிர்லாபம், சந்திவிக்கிரகம் என்று நீ ராகம் போட்டு ஒப்பிப்பாயே. இந்தக் குரங்குக் கதை நாலாவதில் வருகிறது, அர்த்தநாசம். கையில் கிடைத்ததைக் கோட்டை விடுவது. அப்படியென்றால் அது குரங்கு தப்பித்த கதையே இல்லை. முதலை இழந்த கதை. மக்குப் பிள்ளைகள் மூன்று பேருக்கு ராஜநீதி சொல்லிக்கொடுக்க வந்த விஷ்ணுசர்மா, “வாய்க்கு வந்த இரையை விட்டான் பார், மடையன்” என்றுதான் சொல்ல வந்திருப்பார். மீனுவுக்கு ஈரல் ஒரு பொருட்டே இல்லை. முதலை இழந்தது பழம் போடுகிற ஆளை. தினமும் வந்து பேசுகிற ஆளை. இத்தனை வருஷம் வகுப்பில் சொல்லியும் நான் ஒரு தடவைகூட முதலை பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் அந்த ராத்திரி யோசித்தேன், சிரிக்காதே. சின்ன வயசில் நாமெல்லாம் குரங்கு கட்சி. கல்யாணமாகி மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடியபோது, வகுப்பில் சொல்லும்போதெல்லாம் முதலை மேல் உள்ளூர ஒரு பரிதாபம் இருக்கும், வெளியில் சொன்னதில்லை. இப்போது முதலையின் பெண்டாட்டி மேலும் கோபம் வரவில்லை. மூலக் கதையில் அவள் அந்தக் குரங்கைப் பெண் என்றுதான் சந்தேகப்படுகிறாள். பொழுது விடிந்தால் ஆற்றங்கரையே கதி என்று கிடக்கிற புருஷனிடம் எவள்தான் கேட்காமல் இருப்பாள்? ஈரலைக் கேட்டது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மீனு தானாகவே ஒரு தீர்வு கண்டுபிடித்துவிட்டாள். தெருக்கோடி மரத்தில் இப்போதுதான் நாவல் பழுக்க ஆரம்பித்திருக்கிறது. பொறுக்கின பழத்தில் நாலை மண் போகத் துடைத்து, என்னைப் படித்துறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைசிப் படியில் வரிசையாக வைத்தாள். முதலைக்காம். “இந்தத் துறையில் முதலை கிடையாதுடி, கெண்டைக் குஞ்சுதான் உண்டு” என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். நாங்கள் நாலு படி ஏறுவதற்குள் ஒரு வெள்ளாடு இறங்கி வந்து நாலையும் கொட்டையோடு தின்றுவிட்டு எங்களையே பார்த்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எனக்குச் சிரிப்பு. நாக்கு நீலமாக, கண்ணில் தண்ணீரோடு நின்றாளே, அப்படியே உன் சின்ன வயசு முகம்.

சரி, உன்னிடம் ஒரு வழக்கு இருக்கிறது. இவள் அப்பா ஒரு படப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறான். வழவழவென்று தாள், நல்ல விலை. அதில், குழந்தையைக் கடிக்க வந்த பாம்பைக் கொன்ற கீரிப்பிள்ளை கதை இருக்கிறது. தண்ணீர்க் குடத்தோடு வந்த அம்மா, கீரியின் வாயில் ரத்தத்தைப் பார்க்கிறாள், குடத்தைத் தூக்குகிறாள், உடனே தொட்டிலில் குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்கிறது, குடத்தை இறக்கிவிடுகிறாள். கீரி பிழைத்துவிட்டது! கடைசிப் படத்தில் கீரிக்குப் பால் கிண்ணம். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. அந்தக் குடம் கீழே விழாவிட்டால் அதில் கதை எங்கே இருக்கிறது? அவசரப்பட்டுச் செய்துவிட்டு அப்புறம் அழுவது என்பதைப் பிள்ளைகள் வேறு எங்கே போய்த் தெரிந்துகொள்வார்கள்?

சிலப்பதிகாரத்தில் இது வருகிறதே, அடைக்கலக் காதையில், மாடலன் கோவலனைப் பற்றிச் சொல்லும் இடம். இளங்கோ பாம்பு, தொட்டில், குடம் எதையும் விவரிக்கவில்லை. கீரி செத்தது என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார். கேட்பவர்களுக்குத் தெரியாதா என்ன என்கிற தைரியம். அவருக்கு வேண்டியது அதற்கப்புறம் நடந்தது. உன் கையால் இனிச் சாப்பிட மாட்டேன் என்று புருஷன் வடக்கே போய்விடுகிறான். அவன் கொடுத்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் பூம்புகார்த் தெருவில் அழுதுகொண்டு போகிறாள். கோவலன் கூப்பிட்டு, ஏட்டை வாங்கி வாசித்து, பாவம் தீரத் தானம் செய்து, புருஷனையும் வரவழைத்துப் பணம் கொடுத்துச் சேர்த்து வைக்கிறான். கீரியைக் காப்பாற்ற முடியாது, அது போயிற்று. அவளைக் காப்பாற்றலாமே. படப் புத்தகம் போட்டவர்களுக்கு இந்தப் பாதி தெரிந்திருந்தால் பால் கிண்ணம் தேவைப்பட்டிருக்காது.

மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக் காலில் தவம் செய்கிற பூனையை மீனு பார்த்திருக்கிறாளாம். யானைக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்குமே, சுற்றி எலிகள். “பூனை நல்லதா ஆயிடுச்சு போல” என்றாள். மகாபாரதத்தில் உள்ளபடி சொன்னேன்: நாளுக்கு நாள் எலிகள் குறைந்தன, பூனை மட்டும் கொழுத்தது. அவள் ஒன்றும் பயப்படவில்லை. “எலி எண்ணிப் பாக்கலியா?” என்று கேட்டாள். பார்த்தாயா, பயம் எல்லாம் நமக்குத்தான்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது சுகிர்லாபத்து நாலு பேர்தான். காகம், எலி, ஆமை, மான். மூன்று ராத்திரி அதே கதை. வலையில் மாட்டின மானை எலி கடித்து விடுவிக்கிறது. அதுவரை சரி. குளத்தில் பேசாமல் கிடக்க வேண்டிய ஆமை, மனசு கேட்காமல் ஊர்ந்து ஊர்ந்து அங்கே வந்து சேர்கிறது. வேடன் வந்ததும் மான் ஓடிவிடும், காகம் பறந்துவிடும், எலி வளைக்குள் போய்விடும். ஆமை என்ன செய்யும்? மாட்டிக்கொண்டது. நீ ஏன் வந்தாய் என்று கடிந்துகொண்ட அதே கூட்டாளிகள்தான், மானைச் செத்த மாதிரி படுக்க வைத்து, காகம் அதன் கண்ணைக் கொத்துவது போல் நடித்து, வேடனை ஏமாற்றி ஆமையை மீட்க வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது உன் ஞாபகம்தான். போன வருஷம் எனக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது, வராதே வராதே என்று சொல்லியும், முழங்காலைத் தூக்கி வைக்க முடியாமல் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினாயே. ஆஸ்பத்திரி மாடிப்படியில் இரண்டு பேர் உன்னைப் பிடித்துத் தூக்க வேண்டியதாயிற்று. எனக்குத் துணைக்கு வந்தவள், மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டிலில் நீ படுத்துக்கொண்டு நான் உனக்குத் தைலம் தேய்த்தேன். என் மருமகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். ஆமைதான் நீ. மீனுவிடம் சொல்லிவிட்டேன், நீ வரும்போது அப்படித்தான் கூப்பிடுவாள். கோபித்துக்கொள்ளாதே.

இப்போது சொல்லப்போவதைக் கடிதத்தில்தான் சொல்ல முடியும்.

கீரிக் கதையை மாற்றிவிட்டார்களே என்று இவ்வளவு கத்தினேன் இல்லையா, மறுநாள் பல் தேய்க்கும்போது அணில் ஞாபகம் வந்தது. ஐந்தாம் வகுப்பில், பள்ளிக்கூடத்து வேப்பமரத்திலிருந்து விழுந்த குஞ்சு. கண்கூடத் திறக்கவில்லை. சிரட்டையில் பஞ்சு வைத்து, திரியால் பால் நனைத்து ஊட்டினோம். ஒரு நாள் உன் வீட்டில், ஒரு நாள் என் வீட்டில் என்று முறை. கண் திறந்த அன்றைக்கு அது உன் கையில் இருந்தது என்று நான் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை நீ வெறும் சிரட்டையோடு வந்து, “மரத்துல ஏறிப் போயிருச்சுட்டி, அவ அம்மா வந்து கூப்பிட்டுக்கிட்டுப் போச்சு” என்றாய்.

அன்றைக்குச் சாயங்காலமே உங்கள் வீட்டுப் புறவாசலில் செம்பருத்திச் செடிக்குக் கீழே புதுசாகக் கிளறின மண்ணைப் பார்த்தேன். மேலே ஒரு பூ வைத்திருந்தாய். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். ராத்திரி அம்மாவிடம், “எங்க அணில் அது அம்மாகூடப் போயிருச்சு” என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கினேன். அம்மாவிடம் மட்டுமா, கேட்டவர்கள் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன். பத்து வயசில் நீ எனக்கு ஒரு பால் கிண்ணம் வைத்திருக்கிறாய். நானும் குடித்திருக்கிறேன்.

அதனால் படப் புத்தகத்தை மீனுவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு கதையும் அவளுக்குத் தெரியும், எது வேண்டுமோ அவளே வைத்துக்கொள்ளட்டும். அவள் அதில் கீரிக்கு மீசை வரைந்துகொண்டிருக்கிறாள்.

உன் பேரன் துபாயில் படிக்கிறானே, அவனிடம் கலீலா, திம்னா என்று அங்கே யாராவது கதை சொல்கிறார்களா என்று கேட்டுப் பார். நம் கரடகன் தமனகன் என்ற இரண்டு நரிகள்தான். பாரசீகம் போய், அங்கிருந்து எட்டாம் நூற்றாண்டில் அரபிக்குப் போய்ப் பெயர் மாறிவிட்டார்கள். நாமெல்லாம் போகாத ஊருக்கு இந்த நரிகள் போயிருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை மீனு ஊருக்குப் போகிறாள். பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். வீடு ‘ஓ’ என்று இருக்கும். முதலைக்கு யார் பழம் கொடுப்பார்கள் என்று இன்னமும் தினம் கேட்கிறாள், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தோன்றுவதை ஒரு தாளில் தனியாக, அவளே வாசிக்கிற மாதிரி எழுதி அனுப்பு. அணிலுக்குச் சொன்ன மாதிரி எழுதினாலும் சரி.

இரண்டாவது கண்ணையும் எடுத்து முடித்த பிறகு ஐப்பசியில் இங்கே வா. பகல் ரயிலில் வா, பஸ் வேண்டாம். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புகிறேன்.

உன்,
உலகு