பதற்றம் வந்ததும் இறங்கிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கு வரும் பேனிக் அட்டாக் (திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும் கடும் பயம்) பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். இதற்கெல்லாம் மந்திரித்துத் தாயத்துக் கட்டும் வழக்கத்தைக் கண்டித்திருந்தது நல்ல விஷயம். ஆனால் கடைசியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த ஆலோசனைகளில் மூன்று, நோயைக் குறைப்பதற்குப் பதில் வளர்ப்பவை. காகிதப் பைக்குள் மூச்சு விடுவது, கூட்டமான இடங்களைத் தவிர்ப்பது, அவசரத்துக்கு ஒரு மாத்திரையைப் பையிலேயே வைத்திருப்பது. சிகிச்சைக்கு வரும் இளைஞர்களில் பலர் ஏற்கெனவே இந்த மூன்றையும் செய்து பார்த்து, அதனாலேயே மோசமாகித்தான் வருகிறார்கள்.

காகிதப் பை விஷயம் சுருக்கமானது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, அதில் கரைந்திருக்கும் கால்சியம் அயனி குறைகிறது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருப்பதும், விரல் நுனி மரத்துப்போவதும், சிலருக்குக் கைவிரல்கள் இழுத்துக்கொள்வதும் இதனால்தான். பைக்குள் விட்ட மூச்சையே திரும்ப இழுத்தால் கரியமில வாயு ஏறும் என்பது பழைய கணக்கு. ஆனால் மூச்சிரைப்பு ஆஸ்துமாவாலோ இதயக் கோளாறாலோ வந்திருந்தால், பிராணவாயு குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் அந்த வழக்கம் கைவிடப்பட்டுவிட்டது. மூக்கு வழியாக 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே என்று நிமிடத்துக்கு 6 மூச்சாகக் குறைத்தால் அதே பலன் கிடைக்கும். இதை அட்டாக் வந்த பிறகு முதன்முதலாக முயன்றால் வராது. தினமும் காலையில் 5 நிமிடம், மனம் அமைதியாக இருக்கும்போதே பழகியிருக்க வேண்டும். பெரிதாக மூச்சை இழுத்துவிடச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவர்கள் படுத்தும் பாடு வேறு! பெரிய மூச்சு நிலைமையை இன்னும் கெடுக்கும். மெதுவான மூச்சுதான் வேண்டும்.

முதல் தடவை நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால் கேஷுவாலிட்டிக்குப் போவதில் தவறே இல்லை. ஈசிஜி, சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் ஆகிய நான்கையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தைராய்டு கூடியிருந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். ஓடும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு வலித்தாலும், நிஜமாகவே மயங்கி விழுந்தாலும், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் இதய மரணம் நடந்திருந்தாலும் இதய மருத்துவரைப் பார்ப்பது அவசியம். அவ்வளவும் சரியாக இருந்தால் அத்தோடு நிறுத்த வேண்டும். வாரம் ஒரு ஈசிஜி, மாதம் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) என்று போனால், ரிப்போர்ட் நார்மல் என்ற நிம்மதி இரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாள், இந்த ரிப்போர்ட்டில் எதையாவது விட்டிருப்பார்களோ என்ற சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு அனுப்புவதும் இதே கதைதான். ஊசி வேலை செய்ததாகத் தோன்றும். உண்மையில் அட்டாக் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரைமணிக்குள் தானாக இறங்கிவிடும் தன்மை உடையது.

இப்போது, கூட்டத்தைத் தவிர்க்கும் ஆலோசனைக்கு வருகிறோம். இதை எதிர்த்துத்தான் முக்கியமாக எழுத வந்தோம்.

திருப்பரங்குன்றத்திலிருந்து பெரியார் பேருந்து நிலையம் போகும் டவுன் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு அட்டாக் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில், பசுமலையிலேயே இறங்கிவிடுகிறாள். இறங்கிய ஐந்து நிமிடத்தில் உடம்பு சரியாகிவிடுகிறது. இறங்காவிட்டாலும் சரியாகியிருக்கும். ஆனால் இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று அவளுடைய மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த வாரம் பஸ்ஸைப் பார்த்தாலே படபடக்கிறது. பிறகு ஷேர் ஆட்டோவும், அதற்குப் பிறகு கேன்டீனும், கடைசியில் வகுப்பும் பயமாகின்றன. ஓரிரு மாதத்தில் அப்பா பைக்கில் கொண்டுவிட்டால்தான் கல்லூரி என்றாகிவிடும். தவிர்க்கும் ஒவ்வொரு இடமும் அந்த நேரத்துக்கு நிம்மதி தருகிறது, அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி.

திரும்பி வருவதற்கான வழி படிப்படியானது. பயப்படும் விஷயங்களை எட்டு அல்லது பத்தாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய மதிப்பெண் போட வேண்டும். 30, 40 இருப்பதில் தொடங்கலாம். காலை 11 மணிக்கு, கூட்டமில்லாத பஸ்ஸில் ஒரே ஒரு ஸ்டாப். அடுத்து மூன்று ஸ்டாப். பிறகு ஜன்னலோரம் இல்லாமல் நடு வரிசையில். பிறகு காலை எட்டரை மணிக்கு நின்றுகொண்டு பெரியார் வரை. கடைசிப் படி, அங்கிருந்து பஸ் மாறி மாட்டுத்தாவணி. ஒவ்வொரு படியையும் வாரத்துக்கு நான்கைந்து தடவையாவது செய்ய வேண்டும். ஏறுவதற்கு முன் செல்போனில் ஒரு வரி: "பழங்காநத்தம் வருவதற்குள் மயங்கி விழுந்துவிடுவேன்." இறங்கிய பிறகு இன்னொரு வரி: "விழவில்லை. கை நடுங்கியது, பயம் 70-லிருந்து 35-க்கு வந்தது." மயக்கம் வருவது ரத்த அழுத்தம் விழும்போது. பேனிக்கில் அழுத்தம் ஏறத்தான் செய்யும், அதனால் அந்தப் பயம் நிஜமாவது மிக அரிது. ரத்தத்தைக் கண்டாலோ ஊசியைக் கண்டாலோ மயங்குகிறவர்கள் மட்டும் இதற்கு விலக்கு.

இதில் எங்கே சறுக்கும் என்றும் சொல்லிவிட வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிட்டால் அன்றைய பயிற்சி எதிர்ப்பக்கம் வேலை செய்யும். முதல் நாளே வைராக்கியத்தோடு 90 மதிப்பெண் படியில் கால் வைப்பவர்கள் மறுநாள் வருவதில்லை. எல்லாப் படியையும் ஏறிய பிறகும் பயம் போகவில்லை என்பவர்களிடம் பையைக் கேட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். தண்ணீர் பாட்டில், மிட்டாய், தலைவலித் தைலம், காதில் இயர்போன், அதில் வழி முழுக்க அம்மாவின் குரல். இவையெல்லாம் ஊன்றுகோல்கள். பஸ்ஸில் ஏறியது அவர், தைரியமாக இருந்தது பாட்டில்! படிக்கு ஒன்றாக இவற்றையும் கழற்ற வேண்டும். மூச்சுப் பயிற்சியும் ஒரு கட்டத்துக்குப் பிறகு இப்படி ஊன்றுகோலாகிவிடும், அப்போது அதையும் விட்டுவிட்டு ஏற வேண்டியதுதான்.

படபடப்பு என்ற உணர்வே பயமாகிப்போனவர்களுக்கு, சிகிச்சையாளரின் மேற்பார்வையில் அந்த உணர்வை வேண்டுமென்றே வரவழைக்கும் பயிற்சி உண்டு. நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜூஸ் ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடுவது, சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுவது. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்யக் கூடாது.

நாலு பேர் முன்னால் பேசப் பயப்படும் சமூகப் பதற்றத்திலும் சூத்திரம் இதேதான், ஊன்றுகோல்கள் மட்டும் வேறு. கடைசி பெஞ்ச், வியர்வை தெரியாத கறுப்புச் சட்டை, கையிலேயே பார்வை, பேசப்போவதை மனதுக்குள் இருபது முறை ஒப்பித்துப் பார்ப்பது. ஒப்பித்துக்கொண்டே இருப்பவருக்கு எதிரில் இருப்பவர் சொன்னது காதில் விழாது. அதனால் பேச்சு தடுமாறும், தடுமாறியதால் பயம் கூடும். கவனத்தைத் தன் முகத்திலிருந்தும் நாக்கிலிருந்தும் எடுத்து, எதிரே இருப்பவரின் சட்டை நிறத்தில், அவர் கேட்ட கேள்வியில் வைக்கப் பழக வேண்டும். செமினாரைச் செல்போனில் வீடியோ எடுத்து, மறுநாள் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தால், உள்ளே பூகம்பமாக உணர்ந்த நடுக்கம் வெளியே பாதிகூடத் தெரியவில்லை என்பது புரியும். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) முன்னால் நண்பன் கொடுத்த ப்ரொப்ரனலால் என்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் விடுதிகளில் இருக்கிறது. நடுக்கத்தைக் குறைக்கும்தான். ஆனால் வீசிங் உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது, மற்றவர்களும் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

மூன்றாவது ஆலோசனை, பையில் மாத்திரை. பெரும்பாலும் அது அல்ப்ராசோலம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரை. விழுங்கி வேலை செய்யத் தொடங்க அரைமணியாவது ஆகும். அதற்குள் அட்டாக் தானே இறங்கத் தொடங்கியிருக்கும், பெயர் மாத்திரைக்குப் போகும். சில வாரம் தொடர்ந்து போட்டால் உடம்பு அதற்குப் பழகி அளவு கூடுகிறது. திடீரென நிறுத்தினால் பழைய பயத்தைவிடப் பெரிய பயமும் தூக்கமின்மையும் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். இது எச்1 பட்டியல் மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அப்படியும் பழைய சீட்டைக் காட்டி வாங்குகிறார்கள் என்பது ஊரறிந்தது. மருத்துவர் எழுதினாலும் இரண்டு முதல் நான்கு வாரம் என்ற எல்லைக்குள் இருப்பதே நல்லது.

நோயைக் குணப்படுத்தத் தரப்படுபவை செர்ட்ரலின், எஸ்சிடலோப்ராம் போன்ற வேறு வகை மருந்துகள். பேனிக் உள்ளவர்களுக்குச் செர்ட்ரலினை 25 மி.கி., எஸ்சிடலோப்ராமை 5 மி.கி. என்று குறைந்த அளவில் தொடங்குவார்கள். முதல் பத்து நாள் குமட்டலும், வேடிக்கையாக, படபடப்பும் சற்றுக் கூடலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் நாலாவது நாளே மாத்திரையை வீசிவிடுகிறார்கள். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் பிடிக்கும். சரியான பிறகும் 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை தொடர்ந்து, மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். போதைபோல அடிமையாக்கும் மருந்துகள் அல்ல இவை. 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம் என்பதால் வீட்டார் கவனித்துக்கொள்ள வேண்டும், மருத்துவரும் அடிக்கடி வரச் சொல்வார்.

வெளியே போகாமல் அறைக்குள்ளேயே இருந்தால் அடுத்து வருவது மனச்சோர்வு. கட்டுரை இதைத் தொடவே இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, தான் எதற்கும் உதவாதவன் என்ற நினைப்பு விடவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் அல்ல. இங்கே மனம் சரியாகட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருப்பதுதான் பொறி. செய்தால்தான் மனம் கொஞ்சம் அசையும். எழும் நேரத்தை மட்டும் முதலில் நிலையாக்குங்கள். எந்த நேரத்தில் தூங்கினாலும் காலை 7 மணி என்றால் 7 மணி. அடுத்து 10 நிமிட வெயில் நடை, ஒரு குளியல், ஒரு போன் அழைப்பு. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் மனநிலைக்கு 10-க்கு எத்தனை என்று எழுதினால், 2 என்பது 3 ஆவது கண்ணுக்குத் தெரியும். அந்த ஒன்றே போதும், மறுநாள் தொடர. மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம், 250 மி.லி. கேன் ஒன்றில் சுமார் 75 மி.கி. காஃபீன் இருக்கிறது.

"உனக்கென்னடா குறை, சோறு இல்லையா, துணி இல்லையா?" என்ற கேள்வியைப் பெற்றோர் தயவுசெய்து கைவிட வேண்டும். அதற்குப் பதில் இல்லை என்பதுதான் பிள்ளையின் குற்ற உணர்ச்சியே. கேட்க வேண்டிய கேள்வி வேறு: "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதாப்பா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது, கேட்டவரிடம் பேசலாம் என்ற நம்பிக்கை வரும். ஆமாம் என்றால் தனியே விடாமல், வீட்டிலிருக்கும் பூச்சி மருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. இது கல்லூரிக்குத் தெரிந்துவிடுமோ, வேலை கெட்டுவிடுமோ என்று தயங்குகிறவர்களுக்கு: மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 23-ஆவது பிரிவு ரகசியத்தை உரிமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே விதிவிலக்கு. அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு, உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது.

கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயப்படும் மாணவருக்குச் செமினாரிலிருந்து முழு விலக்குக் கொடுப்பது கருணையாகத் தோன்றும், பசுமலையில் இறங்கிவிடுவதும் அதுவும் ஒன்றே. எல்லார் முன்னும் நிறுத்திக் கேலிக்கு ஆளாக்குவதும் கூடாது. முதல் மாதம் ஆசிரியரின் அறையில் அவர் ஒருவர் முன்னால் 3 நிமிடம், அடுத்த மாதம் ஐந்து நண்பர்கள் முன்னால், பருவ முடிவில் வகுப்பில் 5 நிமிடம் என்று மதிப்பெண் திட்டத்திலேயே எழுதி வைக்கலாம். இதற்குத் தனி நிதியோ தனி அறையோ தேவையில்லை, துறைத் தலைவரின் கையெழுத்துப் போதும்.

இப்படிக்கு,
மனநல மருத்துவர் ஒருவரும் மருத்துவ உளவியலாளர் ஒருவரும்,
மதுரை.