ஒற்றை நாற்றும் முறைத் தண்ணீரும்

திருத்துறைப்பூண்டி,
ஐப்பசி

அன்புள்ள சேகருக்கு,

மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. மாடிப்படி ஏற அவசரப்படாதே. இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்குத் திருவாரூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. பேரன் சனிக்கிழமை ஆனால் வந்துவிடுகிறான்.

குத்துக்கு ஒரே ஒரு நெல் நாற்று வைக்கும் ஒற்றை நாற்று நடவு எங்கள் பக்கம் ஏன் நிலைக்கவில்லை, புதுசு என்றாலே நம் ஆட்களுக்குப் பயமா என்று கேட்டிருந்தாய். பயமெல்லாம் இல்லை. அறுவடை இயந்திரம் வந்தபோது யார் பயந்தார்கள்? பெல்ட் வண்டி சேற்றிலும் இறங்கும், மணிக்கு இவ்வளவு என்று வாடகை, அறுத்துக் கொட்டிவிட்டுப் போய்விடும். அரை ஏக்கர் குத்தகைக்காரரும் அதைத்தான் கூப்பிடுகிறார், பெரிய மிராசுதாரும் அதைத்தான் கூப்பிடுகிறார். வைக்கோல் நசுங்கிப் போகிறதே என்று குறைப்பட்டாலும் யாரும் அரிவாளுக்குத் திரும்பவில்லை.

ஒற்றை நாற்றின் கதை வேறு. விதை ஏக்கருக்கு 2, 3 கிலோ போதும், அதில் யாருக்கும் சிரமமில்லை. ஆனால் 14 நாள் நாற்றைப் பிடுங்கிய சூட்டோடு நட வேண்டும். வயல் மட்டமாக இருக்க வேண்டும். தண்ணீர் விரல்கடைக்கு மேல் நிற்கக் கூடாது, மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பம்புசெட் இருப்பவர் ஸ்விட்சைப் போட்டால் ஆயிற்று, விவசாய மின்சாரமும் இலவசம். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் கடைமடையில் என்ன செய்வது? மேட்டூரில் ஜூன் 12 அன்றே திறந்தாலும் இங்கே வந்து சேர நாளாகும். வந்தாலும் முறை வைத்துத்தான் விடுவார்கள். மேல் வயல்காரர் மடை வெட்டினால்தான் கீழ் வயலுக்குப் பாயும். போர் போடலாம் என்றால் கடலோரத்தில் உப்புத் தண்ணீர்.

என் வயலுக்குக் கீழே கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர் ஆசையாக நாற்றுவிட்டார். 14ஆம் நாள் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வந்தபோது நாற்று முழங்கால் உயரம், வழக்கம்போல் கொத்தாக நட்டுவிட்டார். தண்ணீரை மிச்சப்படுத்தும் முறை, தண்ணீர் கைவசம் உள்ளவருக்குத்தான் வாய்க்கிறது. எனக்கு இதுதான் ஆறவில்லை.

அதே மனிதர் களையெடுக்கும் கருவிக்கு மானியம் கேட்டுப் போனார். நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா கொண்டுவா என்றார்களாம். சிட்டா கோயில் பெயரில் அல்லவா இருக்கிறது! மத்திய அரசு வருஷத்துக்குத் தரும் பிஎம் கிசான் 6000 ரூபாயும் நிலம் சொந்தப் பெயரில் இருப்பவருக்குத்தான். பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் 'விவசாயிக்கு விழிப்புணர்வு போதாது' என்கிறார்கள். கேட்கும்போதே கோபம் வருகிறது. ஒற்றை நாற்று முறை பிறந்த மடகாஸ்கரிலேயே ஏழைகள் பலர் அதைப் பாதியில் விட்டுவிட்டார்கள். நடவுக் காலத்தில் கூலிக்குப் போனால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். சொந்த வயலில் கூடுதலாகப் பாடுபட நேரம் ஏது?

ஆனால் சி.ஆர். 1009 சப் 1 நெல்லை அந்தக் கோயில் நிலக் குத்தகைக்காரரே தேடி வாங்கினார். பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தழைத்துவிடும் ரகம். பக்கத்து ஊரில் ஒரு மூட்டை மாற்றிக்கொண்டார், யாரிடமும் காகிதம் நீட்ட வேண்டியிருக்கவில்லை. இந்தச் சம்பாவுக்கு முழுக்க அதுதான்.

அடுத்த வாரம் கூட்டுறவுச் சங்கத்தில் கூட்டம். இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன். முறைத் தண்ணீர்த் தேதியை நாற்றுவிடும் முன்பே சொல்லி, சொன்ன தேதியில் விட வேண்டும். நிலம் மட்டம் செய்யும் கருவியும் நடவு இயந்திரமும் சங்கத்திலேயே வாடகைக்குக் கிடைக்க வேண்டும், குத்தகைக்காரருக்கும் சேர்த்து. உன் மருமகன் வேளாண் பொறியியல் துறையில்தானே இருக்கிறார்? அப்படி ஒரு வாடகை மையம் தொடங்க சங்கம் எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டு எழுது. கூட்டத்துக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

சரி, பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு. தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராமமூர்த்தி