ஒஸ்லோவில் ஒரு சங்கடப்படலை

ஒஸ்லோ, ஞாயிறு

அன்பின் அப்பாவுக்கு,

நான் இங்கு நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டதா? போன கிழமை நீங்கள் தொலைபேசியில், "கடை கட்டுறாய் எண்டு சொல்லுறாய், நீ அதில என்னதான் பிள்ளை செய்யிறாய்?" என்று கேட்டீர்கள். வேலைக்கு ஓடும் அவசரத்தில் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இன்றைக்குக் கடைகள் எல்லாம் பூட்டு, வெளியே பனி கொட்டுகிறது. ஆறுதலாக எழுதுகிறேன்.

மலையேறுபவர்களுக்கும் காட்டு வழியே நடப்பவர்களுக்கும் உடுப்புச் செய்யும் ஒரு கொம்பனி. அவர்களுக்குக் கடைகள் பல உண்டு. இது தலைமைக் கடை. விற்பனையோடு, தாங்கள் யார் என்று ஊருக்குக் காட்டவும் கட்டுகிறார்கள். எங்கள் அலுவலகம் உள்வேலை முழுவதையும் வரைகிறது. வாசல், லைற், உடுப்பு மாற்றும் அறை மூன்றும் என் பொறுப்பு.

இங்கே ஒரு பழமொழி இருக்கிறது அப்பா. மோசமான காலநிலை என்று ஒன்று இல்லை, மோசமான உடுப்புத்தான் உண்டு என்பார்கள். சின்னப் பிள்ளைகளைக்கூட மழையில் விளையாட விடுகிறார்கள். மேற்கே பேர்கன் நகரில் வருடத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போவது அங்கே வருடம் முழுக்க. 1877 இல் ஹெல்லி ஹான்சன் என்ற கப்பல் கப்டன் மொஸ் என்ற ஊரில் லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து மழை உடுப்புச் செய்யத் தொடங்கினார். அந்தப் பெயரில் கொம்பனி இன்றும் இருக்கிறது. இப்போது எண்ணெய் இல்லை. இரண்டு துணிகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய படலம். மழைத்துளி அதற்குள் புகாது, வியர்வையின் ஆவி வெளியே போகும். நீங்கள் என்றால் முதலில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்கிப் பார்ப்பீர்கள். காய்ந்த பனையோலை மாதிரிச் சரசரக்கும். உடம்போடு ஒட்டப் போடுவது கம்பளி. நாங்கள் உயிராக நினைக்கும் பருத்தியை மலைக்குப் போடவே மாட்டார்கள். நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரப்பண்ணிவிடும்.

சிக்கல் நிறத்தில் தொடங்கியது. மலையில் ஆள் தவறினால் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று இந்த ஜக்கெட்டுகளைச் செம்மஞ்சள், மஞ்சள் என்று கண்ணில் அடிக்கும் நிறங்களில் செய்கிறார்கள். மாதிரிக்கு ஒரு மூலையை அமைத்து லைற் போட்டோம். செம்மஞ்சள் செங்கல் மாதிரி மங்கித் தெரிந்தது. எனக்கு உடனே யாழ்ப்பாணம் பெரியகடையில் நம் புடவைக்கடைதான் நினைவுக்கு வந்தது. கூறைச் சேலை எடுக்க வருபவர்களை நீங்கள் உள்ளே வைத்து முடிவெடுக்க விட்டதே இல்லை. சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தைக்கு வந்து, "வெளிச்சத்தில பாருங்கோ பிள்ளை, பிறகு சொல்லுங்கோ" என்பீர்கள். அதில் எத்தனை வியாபாரம் கைவிட்டுப் போனது என்று அம்மா இன்றும் சொல்லுவா. ஆனால் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

சரி, வாசலுக்குக் கொண்டுவந்து காட்டலாம் என்றால் மார்கழியில் இங்கே பகல் ஆறு மணித்தியாலம்தான். பின்னேரம் மூன்றரைக்கு இருட்டு. அதனால்தான் எனக்கு அளவெட்டியில் அம்மம்மா வீட்டுத் தெருவாசலில் இருந்த சங்கடப்படலை மனதில் வந்தது. மேலே கூரை, இரண்டு பக்கமும் திண்ணை, வழிப்போக்கருக்கு ஒரு குடம் தண்ணீர். வெயிலுக்கும் மழைக்கும் யாரும் ஒதுங்கலாம், வீட்டுக்காரரைக் கேட்கத் தேவையில்லை. அதையே கடை முகப்பில் வரைந்தேன். கண்ணாடிச் சுவரை ஒன்பது அடி உள்ளே தள்ளி, முன்னால் கூரை, இரண்டு பக்கமும் பைன் மரத் திண்ணை. தெருவில் போகிறவர் சும்மா வந்து இருக்கலாம். கூரைக்கு உள்ளே பகல் வெளிச்சத்தின் நிறத்தில் எரியும் லைற். இருட்டினாலும் ஜக்கெட்டை அங்கே கொண்டுவந்து அதன் உண்மையான நிறத்தைப் பார்க்கலாம்.

கொம்பனிக்காரர் முதலில் சம்மதிக்கவில்லை. முகப்புத்தான் கடையில் விலை கூடிய இடம், புதுச் சரக்கு அடுக்கும் இடம் அது. அவர்களுக்கு மலையேறிப் பழகும் சுவர்தான் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் ஆர்.ஈ.ஐ. என்ற கடை 1996 இல் 65 அடி உயரத்தில் அப்படி ஒன்றைக் கட்டியது. ஜேர்மனியில் கொலோன் நகரக் கடையொன்றில் உள்ளேயே குளம் கட்டி வள்ளம் ஓட்டிப் பார்க்க விட்டார்கள். இரண்டும் நல்ல யோசனைதான், பொருளைப் பாவித்துப் பார்த்து வாங்குவது எப்போதும் சரி. ஆனால் எங்கள் வாசலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளையைத் தள்ளுவண்டிலில் வைத்துக்கொண்டு நனைந்து வருகிறவர்கள். அவர்களுக்கு முதலில் தேவை ஒதுங்க ஓர் இடம். மூன்று கூட்டங்களில் இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்றாவது கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த மூலையையும் சொல்கிறேன். கூரைத் தண்ணீர் ஒரு பக்கமாக வடிந்து கற்தொட்டியில் விழும். அதற்குக் கீழே ஜக்கெட்டின் கையை நீட்டினால் சேம்பிலைத் தண்ணீர் மாதிரித் துளித்துளியாக உருண்டு ஓடும். பக்கத்தில் பழைய ஜக்கெட் ஒன்றும் தொங்கும். அதில் தண்ணீர் ஊறிப்போகும். துவைத்துச் சூட்டில் காயவைத்தால் அதுவும் பெரும்பாலும் முன்போல் ஆகிவிடும். அதையும் அங்கேயே எழுதிவைக்கச் சொன்னேன். புதிது வாங்கவேண்டிய தேவை இல்லாதவர் வாங்காமல் போகட்டும். திண்ணைக்கு அருகே தையல் மெசின் ஒன்றும் வருகிறது, நம் விறாந்தையில் இருந்த தையற்கார அண்ணையின் இடம் மாதிரி. கிழிந்ததை அங்கேயே தைத்துக் கொடுப்பார்கள்.

அப்பா, உங்களிடம் ஒரு உதவி. 1995 யுத்த இடப்பெயர்வோடு அம்மம்மா வீட்டுப் படலையின் கூரை போனாலும் திண்ணைகள் இன்னும் நிற்கின்றன என்று சித்தி சொன்னா. அளவெட்டிக்குப் போகும்போது நாடாவைக் கொண்டுபோய், திண்ணை நிலத்திலிருந்து எத்தனை அங்குலம், அகலம் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கோ. இங்குள்ள அளவுப் புத்தகத்தில் கதிரைக்கும் வாங்குக்கும் கணக்கு இருக்கிறது. அம்மம்மா காலை மடக்கி ஏறியிருந்து வெற்றிலை போடுவாவே, அந்த இருப்புக்குக் கணக்கு இல்லை. தச்சர் அடுத்த மாதம் முதலாம் கிழமை மரம் அறுக்கத் தொடங்குவார். அதற்கு முன் அளவு கிடைத்தால் போதும்.

அம்மாவைக் குளிர் நேரத்தில் கிணற்றடிக்குப் போகவேண்டாம் என்று சொல்லுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
வதனி