ராஜிக்கு: ராத்திரிச் சாப்பாட்டுச் சண்டை பற்றி

அன்புள்ள ராஜி,

இங்கே எல்லாரும் நலம். சிங்கப்பூரில் நீயும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. காலாண்டுத் தேர்வுத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது என் தலையில் எத்தனை நரை என்று தூரத்திலிருந்தே எண்ணிச் சொல்கிறாள்.

உன் மகன் நூடுல்ஸ் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான், கேட்டால் "இதுவும் டின்னர்தானே" என்கிறான் என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன். இங்கேயும் அதே கதைதான். என்ன, எங்கள் வீட்டில் கதவு சாத்த வழியில்லை. சாத்துகிற மாதிரி இருக்கிற ஒரே அறையை அத்தை பிடித்துக்கொண்டுவிட்டார்.

எங்கள் வீட்டு ராத்திரி எப்படியென்று கேள். அத்தை ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிடுவார். சின்னவன் பத்தாவது, ஆறு மணிக்கு ஒரு பசி, ஒன்பது மணிக்கு இன்னொரு பசி. பெரியவள் பிளஸ் டூ. டியூஷன் முடிந்து அண்ணா நகரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்துசேர எட்டே முக்கால் ஆகிவிடும். இவர் கடையை அடைத்துவிட்டு வர ஒன்பது, ஒன்பதேகால். இதில் "எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும்" என்று சொல்கிறவள் நான் ஒருத்திதான். அதுவும் இவ்வளவு நாள் அடுப்படியில் நின்றுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத்தான் பெரியவள் பிடித்துக்கொண்டாள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அத்தையின் சட்டம் எளிது. சோறு விழாத தட்டு சாப்பாட்டுத் தட்டே இல்லை. மற்றதெல்லாம் பலகாரம். பலகாரம் தின்றுவிட்டுப் படுத்தால் நடுராத்திரியில் வயிறு கேட்கும் என்பார். கீரை, தயிர், இஞ்சி, நெல்லிக்காய் எதுவும் ராத்திரியில் ஆகாது. வேண்டுமானால் மோராக்கி ஊற்றிக்கொள்ளலாம். நிலக்கோட்டைப் பக்கம் பிறந்தவர் இல்லையா? அவர் சிறுமியாக இருந்தபோது அன்றாடம் கம்பங்கூழும் சோளச்சோறும் கேப்பைக்களியும்தான். நெல்லுச்சோறு நாள் கிழமைக்கு மட்டும். தீபாவளிக்குத் தீபாவளிதான் இட்லி. அறுபதுகளின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது கால் கடுக்க வரிசையில் நின்ற கதையை எத்தனை முறை சொன்னாலும் அவருக்குச் சலிக்காது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு ஏன் அப்படி எடுபட்டது என்று புத்தகத்தில் தேட வேண்டாம், அத்தை பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அப்படி வளர்ந்தவருக்குப் பேரன் தட்டில் வெள்ளைச் சோறு இல்லையென்றால் குடும்பம் இறங்குமுகம் என்று தோன்றத்தான் செய்யும்.

நான் தோசைக் கட்சி. உனக்குத் தெரியாதா என்ன? திருமங்கலத்தில் நம் வீடுகளில் ஆட்டுக்கல் இருந்தவரை தோசை ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். உட்கார்ந்து குழவியைச் சுற்ற யாருக்கு நேரம்? கிரைண்டர் வந்த பிறகுதான் அது ராத்திரிக்கு ராத்திரி வர ஆரம்பித்தது. 2011இல் அரசாங்கமே மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. இப்போது தெருமுனைக் கடையில் மாவே பாக்கெட்டில் தொங்குகிறது. ஆக, "நம்ம வீட்டு வழக்கம்" என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற ராத்திரித் தோசை என்னைவிட வயதில் சின்னது. பெரியவள் இதையும் கண்டுபிடித்துவிட்டாள்.

சின்னவனுக்குக் கொள்கை என்று எதுவும் கிடையாது. பொட்டலத்தில் சூடாக, எண்ணெய் மினுமினுக்க வந்தால் சரி. மதுரையில் பிள்ளை வளர்க்கிறவர்கள் பாவம், ராஜி. பொழுது சாய்ந்தால் முக்குக்கு முக்கு பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம். சால்னா வாசம் வீட்டு வாசல்வரை வந்து கூப்பிடும். அதற்கு முன்னால் "சாப்பிட வாடா" என்கிற என் குரல் எடுபடுமா? தோசைதான் சாப்பாடு என்று ஒருநாள் கண்டித்தேன். "கறி தோசையும் தோசைதானேம்மா" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டான். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இவருக்கு ஒரே விதி. சாப்பிடும்போது போன் கூடாது. அதைச் சொல்லிவிட்டு டிவியில் நாலு பேர் கத்துகிற விவாதத்தைப் போட்டுக்கொண்டு உட்காருவார். அப்புறம் பிள்ளைகள் எப்படிக் கேட்கும்?

நாம் மட்டும் என்னவாம்? வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நேரத்துக்குத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் உங்கள் வீட்டுக் கூடத்தில்தானே கிடப்போம். பாதிப் பேர் கையில் சோற்றுத் தட்டு. உன் அப்பா நாற்காலியில், அவர் தட்டு ஸ்டூலின்மேல். உன் அம்மா மட்டும் அடுப்படியை விட்டு வரமாட்டார்கள். பாட்டைக் காதால் கேட்டே எந்தப் படம், யார் பாடியது என்று உள்ளேயிருந்து சொல்வார்கள். சேர்ந்து சாப்பிடுவது என்று ஒன்று அன்றைக்கு எந்த வீட்டில் இருந்தது? முதலில் ஆண்கள், அப்புறம் பிள்ளைகள், மீந்ததை வழித்துக்கொண்டு பெண்கள். மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிற படம் விளம்பரத்திலிருந்து வந்து நம் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது. அதைப் பாரம்பரியம் என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனாலும் அது வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. புதிதாக வந்ததென்றால் வேண்டாமென்றா ஆகிவிடும்?

சரி, சண்டைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை. இவர், சின்னவன், பெரியவள் மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வார்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சின்னவன் தட்டோடு எழுந்து டிவி பக்கம் நகர்ந்தான். "ஒரு அரை மணி நேரம் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா?" என்று கரண்டியோடு திரும்பிக் கத்தினேன். அவன் பேசாமல் இருந்தான். பெரியவள்தான் பேசினாள்.

"ஒண்ணா சாப்பிடணும்னு சொல்றது நீ. ஒண்ணா சாப்பிடவே முடியாத ஐட்டத்தைப் போடுறதும் நீ."

ரஃப் நோட்டை எடுத்துக் கணக்கே போட்டாள். ஆளுக்கு மூன்று தோசை, நாலு பேருக்குப் பன்னிரண்டு. ஒரு தோசைக்கு இரண்டு நிமிடம். மொத்தம் இருபத்து நாலு நிமிடம் அம்மா நிற்கிறாள். முதல் தோசை வாங்கினவன் தின்று முடித்து அடுத்ததுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மாவின் முறை வரும்போது எல்லாரும் கை கழுவியாயிற்று. "இதுல குடும்பம் எங்க இருக்கு? இது பஸ் ஸ்டாண்டு ஓட்டல். நீ மாஸ்டர்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கோபமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நான் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்ததே இல்லை என்று இந்த வீட்டில் யாரும் இதுவரை சொன்னதில்லை.

அவள் பீட்சாவும் கேட்கவில்லை, ஷவர்மாவும் கேட்கவில்லை. எலுமிச்சைச் சாதமோ சேமியாவோ நூடுல்ஸோ, எதையாவது ஒரே பாத்திரத்தில் செய்து நடுவில் வை, நீயும் உட்கார், அவ்வளவுதான் என்றாள். நூடுல்ஸ் எப்படிச் சாப்பாடாகும் என்று நான் இழுத்தேன். உடனே உன்னைச் சாட்சிக்கு இழுத்துவிட்டாள். "சிங்கப்பூர் சித்தி ஊர்ல எல்லாரும் கடையிலதான் சாப்பிடறாங்க, அதுக்கு 2020இல் யுனெஸ்கோவே அங்கீகாரம் குடுத்திருக்கு" என்று போனில் எடுத்துக் காட்டினாள். உங்கள் உணவங்காடிகள் இப்படி மதுரையில் வந்து என் வாயை அடைக்கும் என்று நான் கண்டேனா?

அத்தைக்குச் சாதம் என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. "பிள்ளை சொல்றது சரிதான், ராத்திரிக்குச் சோறு ஆக்கு" என்று கட்சி மாறிவிட்டார். பேத்தியும் பாட்டியும் கூட்டணி. ஞாயிறும் புதனும் ஒரே பாத்திரச் சாப்பாடு, ஒன்பதேகாலுக்கு எல்லாரும் ஆஜர் என்று முடிவாயிற்று. அதுவரை பசி தாங்க சின்னவனுக்குச் சுண்டல்.

முதல் புதன்கிழமை எப்படிப் போயிற்று தெரியுமா? தக்காளிச் சாதம், அப்பளம், வெங்காயப் பச்சடி. (ராத்திரியில் தயிரா என்று அத்தை அதைத் தள்ளி வைத்தார்.) டிவி இல்லை, போன் இல்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தம் மட்டும். பேச்சை ஆரம்பித்து வைக்கலாம் என்று இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கணக்குல எவ்வளவு?" என்றார். சின்னவன் மார்க்கைச் சொன்னான். "ஏன் குறைஞ்சுது?" என்று அடுத்த கேள்வி. அப்புறம் நான் ஒன்று கேட்டேன். பள்ளிக்கூடத்து வாய் வீட்டில் அடங்குமா? அவன் நாலே வாயில் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்துவிட்டான். பெரியவள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! விசாரணைக் கமிஷன் முன்னால் யார்தான் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்?

மறுநாள் வியாழன், வழக்கம்போல் தோசை. இவர் இன்னும் வரவில்லை. சின்னவன் பிரிட்ஜில் சாய்ந்துகொண்டு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு தோசையாக வாங்கித் தின்றுகொண்டிருந்தான். இரண்டாவது தோசையைக் கல்லில் இழுக்கிறேன். "அம்மா, எனக்கு பதினொண்ணாவதுல பயாலஜி வேணாம், காமர்ஸ் எடுக்கட்டுமா?" என்றான். இவர் அவனை டாக்டராக்கும் கனவில் இருப்பது உனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் திரும்பவில்லை. ஓரத்தில் எண்ணெய் விட்டேன், "எதுக்குடா?" என்று கல்லைப் பார்த்தே கேட்டேன். முழுக்கச் சொன்னான். தவளைப் படத்தைப் பார்த்தாலே வயிற்றைப் பிரட்டுவதிலிருந்து, அப்பாவிடம் யார் சொல்வது என்கிற பயம்வரை. அன்றைக்கு ஆறு தோசை தின்றான்.

அதனால்தான் சொல்கிறேன், பெரியவள் போட்ட கணக்கு சரி, ஆனால் அதில் ஒன்று விட்டுப்போயிற்று. இந்த வயசுப் பிள்ளைகளுக்கு முகத்துக்கு நேரே உட்கார்ந்தால் வாய் வராது. நம் முதுகைப் பார்த்தால் வரும். அடுப்பைப் பார்த்து நிற்கிற அந்த இருபத்து நாலு நிமிடத்தில்தான் எனக்கு வீட்டுச் செய்தியெல்லாம் கிடைக்கிறது. பெரியவளே தன் சிநேகிதியோடு பேச்சுவார்த்தை நின்றுபோன கதையைச் சொன்னது ஒரு முட்டைத் தோசை வேகிற நேரத்தில்தான். மேசையில் உட்கார்ந்து அதைச் சொல்வாளா? இதை அவளிடம் சொன்னேன். "அப்ப நாங்க பேசறதுக்காக நீ கடைசியில் ஆறின தோசை சாப்பிடணுமா?" என்று கேட்டாள். அதற்கு இன்னும் பதில் கண்டுபிடித்தபாடில்லை.

இப்போதைக்கு இப்படி ஓடுகிறது. ஞாயிறு, புதன் அவள் சட்டம். மார்க் பேச்சு எடுக்கக் கூடாது என்று இவருக்குத் தடை போட்டிருக்கிறோம். தடை போட்டபின் இவருக்குப் பேச விஷயமே இல்லாமல் போய், கடையில் வந்த வாடிக்கையாளர் கதைகளைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். நன்றாகத்தான் சொல்கிறார். இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. மற்ற நாட்களில் என் தோசை. ஆனால் எனக்கான மூன்றையும் யாராவது ஒருவர் வார்க்க வேண்டும் என்று பெரியவள் உத்தரவு. சின்னவன் வார்ப்பது ஊத்தப்பத்துக்கு அண்ணன் மாதிரி நடுவில் வேகாமல் வருகிறது. இவர் இதுவரை கரண்டியைத் தொடவில்லை. கடை அடைத்துவிட்டு வந்த களைப்பாம். அதை நான் விடுவதாக இல்லை.

உன் மகன் விஷயத்துக்கு என் யோசனை: கதவைத் தட்டாதே. அவன் கிண்ணம் கழுவ வருவான் இல்லையா, அந்த நேரத்தில் நீ தொட்டிப் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு நில். ஒன்றும் கேட்காதே.

அப்புறம், உங்கள் ஊரில் குடும்பத்தோடு சாப்பிடுவதற்கென்றே ஒரு நாள் குறித்து, அன்றைக்கு ஐந்து மணிக்கே ஆட்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றி விவரமாக எழுது. அண்ணன் நிஜமாகவே ஐந்து மணிக்கு வந்தாரா? வந்து என்ன சாப்பிட்டீர்கள், வீட்டிலா, தேக்கா உணவங்காடியிலா? இங்கே இவரிடம் சொன்னேன். "அன்னைக்குக் கடையை யார் பார்ப்பா?" என்றார்.

டிசம்பர் விடுமுறைக்கு வருகிறீர்கள் என்பது உறுதிதானே? தேதியைச் சீக்கிரம் சொல். உன் மகனும் என் மகனும் சேர்ந்தால் ராத்திரி பரோட்டாக் கடையில்தான் இருப்பார்கள். ஒருநாள் நாமும் கூடவே போய்விடலாம், நானும் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும். வரும்போது மைலோ வேண்டாம், போன தடவை கொண்டுவந்ததே அலமாரியில் இருக்கிறது. அத்தைக்குக் கோடாலித் தைலம் மட்டும் மறந்துவிடாதே. இங்கே வாங்கிக் கொடுத்தால் அசல் இல்லை என்கிறார்.

அண்ணனுக்கு வணக்கம் சொல். பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்,
மீனா