யூரியா மூட்டைக்கு மேல தொங்குற தோட்டா

கல்லடி, மட்டக்களப்பு,
கார்த்திகை மாதம்.

அன்பு மச்சான்,

இஞ்ச எல்லாரும் சுகம். மழை விடுறதா இல்ல. வெள்ளம் கடலுக்கு ஓட முகத்துவாரத்தை வெட்டுவாங்களா மாட்டாங்களா எண்டதுதான் தேத்தண்ணிக் கடையில பேச்சு. உன்ர கடிதத்துக்குப் பதில் போடல்ல எண்டு ஏசுறதெண்டா, இதை வாசிச்சு முடிச்சிட்டு ஏசு.

தங்கச்சி போன் எடுத்தா. நீ வயல் வட்டைக்குக் காட்டுப்பண்டி விரட்டப் போன கதையைச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா. வாடிக்குப் பின்னால பண்டிக் கூட்டம். நீ துவக்கை நீட்டி இழுத்தா ‘டிக்’ எண்ட சத்தம் மட்டும். உடனே துவக்கை மடிச்சு, தோட்டாவைக் கையில எடுத்து லைட் அடிச்சுப் பார்த்தியாம். 2025 மார்ச் 15ஆம் திகதி காலம்பற அரசாங்கம் வைச்ச மிருகக் கணக்கெடுப்பில, 5 நிமிசத்துக்குள்ள முழு நாட்டுக் குரங்கையும் நீயே எண்ணினவன் மாதிரிக் கதைச்ச ஆள், உனக்கு ஒரு நிமிசம் பொறுக்கத் தெரியாதா?

எனக்குச் சிரிப்பு வரல்ல மச்சான். ஈரம் குடிச்ச தோட்டா சிலநேரம் சுணங்கித்தான் வெடிக்கும். துவக்கின்ர ஊசி, தோட்டா அடியில இரிக்கிற கேப்பில குத்தினாலும் மருந்தில நெருப்புப் பத்தக் கொஞ்சம் செல்லும். அதுக்குள்ள நீ மடிச்சுத் திறந்தா, தோட்டாவின்ர வெளிக்கோது கிழிஞ்சு உன்ர முகத்துக்குத்தான் வரும். இனி வெடிக்காட்டி, குழல் வாயை ஆளில்லாத பக்கம் புடிச்சபடி ஆகக் குறைஞ்சது ஒரு நிமிசம் அப்படியே நில். பண்டி போகட்டும், நாளைக்கும் வரும்.

மறுகா, தோட்டாவை எங்க வைக்கிறவர் எண்டு தங்கச்சியிட்டக் கேட்டன். பசளை அறையிலயாம். யூரியா மூட்டைக்கு மேல, சொப்பிங் பேக்கில கட்டித் தொங்குதாம். சுவருக்கு அங்கால மாட்டுக்காலை. அதைக் கேட்டதில இருந்து எனக்கு நித்திரை இல்ல.

ஏனெண்டு சொல்லுறன், பொறுமையா வாசி. வெள்ளைக்காரன் இந்தியாவை ஆண்ட நாளில, பட்டாளத்துப் பித்தளைத் தோட்டாக்களை மழைக்குக் குதிரை லாயத்துக்குள்ள வைச்சிரிக்கிறாங்கள். மழை முடிய எடுத்துப் பார்த்தா, ஆரும் தொடாமலே கோதுகள் கீறல் விழுந்து பிளந்து கிடந்திரிக்கு. குதிரை மூத்திரத்தில இருந்து கிளம்பின அமோனியாதான் காரணம் எண்டு 1921இலதான் தெளிவா எழுதினாங்கள். பித்தளை எண்டா செம்பும் துத்தநாகமும். தகட்டை இழுத்துக் கோதாக்கேக்க உலோகத்துக்குள்ள ஒரு இழுவிசை தங்கிடும். அந்த இழுவை இரிக்கிற இடமாப் பார்த்து, ஈரமும் அமோனியாவும் சேர்ந்து கீறிக்கொண்டு போகும். யூரியாவும் ஈரத்தில கரைஞ்சு உடைஞ்சா அமோனியாதான். அந்த அறைக் கதவைத் திறக்கேக்க மூக்கில ஏறுற நெடி வேற என்னெண்டு நினைச்சாய்? போதாததுக்கு உன்ர மாடுகளும். அந்த லாயத்தை நீ படுவான்கரையில திரும்பக் கட்டி வைச்சிரிக்கிறாய்.

உன்ர தோட்டாவுக்கு அடி சிலவேளை பித்தளையா இராது, இரும்புக்கு மேல முலாமா இரிக்கும். காந்தத்தை வைச்சுப் பார், ஒட்டினா இரும்பு. சந்தோசப்படாத, அதுக்குக் கறள் இரிக்கு. பச்சை புடிச்சது, கறள் கட்டினது, பிளாஸ்டிக் உடம்பு பொருமினது எதையும் துவக்குக்குள்ள போடாத. வெயிலில காயவைக்கவும் வேணாம், எண்ணெய் பூசவும் வேணாம். எண்ணெய் கேப்புக்குள்ள கசிஞ்சு போனா நல்ல தோட்டாவும் செத்திடும். கிணத்துக்குள்ளயோ அடுப்புக்குள்ளயோ போடுற யோசனையும் உனக்கு வரும், எனக்குத் தெரியும். பழுதானதை ஒரு பக்கமா வைச்சு, பொலிசில சொல்லி ஒப்படை.

வெளிநாட்டில இதுக்கெண்டு ரப்பர் வளையம் வச்ச, ஆமிக்காரன்ர பச்சை இரும்புத் தோட்டாப் பெட்டி விக்கிறாங்கள். அருமையான சாமான்தான். ஆனா நம்மட பக்கம் அப்படி ஒரு பெட்டியைக் கட்டிலுக்குக் கீழ வைச்சிரிக்கேலுமா? எந்தக் காணியில தோண்டினது எண்டு ஊர் கேக்கும். சண்டை நாளில ஆமிச் சுத்திவளைப்பில முழங்காலில இருந்த நம்மளுக்கு அந்த நிறமே போதும். அதனால சாப்பாடு வைக்கிற, நாலு பக்கமும் கிளிப் பூட்டி ரப்பர் வளையம் வச்ச பிளாஸ்டிக் பெட்டி ஒண்டு வாங்கி வைச்சிரிக்கிறன். 25 தோட்டா அடுக்கினா ஒரு செங்கல்லளவு கூட வராது. அதுக்குள்ள சிலிக்கா ஜெல் போடு. நீல மணி ஈரம் குடிச்சா ரோசாவாகும், சூடாக்கினா திரும்ப நீலமாகும். தங்கச்சியின்ர கறிச்சட்டியை மட்டும் எடுத்திடாத, அந்த நீலம் கோபால்ட், வயித்துக்குள்ள போகக் கூடாது. உன்ர ஆச்சி சொன்ன வறுத்த அரிசி இதுக்குக் காணாது, வண்டுக்குத்தான் சாப்பாடு. மழை நேரம் சும்மா சும்மா திறந்து எண்ணாத; திறக்கிற ஒவ்வொரு தரமும் ஈரக் காத்துத்தான் உள்ளுக்குப் போகும். பழசை முதல்ல பாவி.

பெட்டியைத் தகரக் கூரைக்குக் கிட்ட ஏத்தாத, சூட்டில மருந்து கெட்டுப்போகும். நிலத்திலயும் வேணாம், 2011 தை வெள்ளத்தில உன்ர விதைநெல்லு ஆருட வளவில முளைச்சது எண்டு நான் சொல்லத் தேவையில்ல. நடுவீட்டு அலுமாரி நல்லது, பூட்டோட. துவக்கு வேற இடம், அதுக்கு வேற பூட்டு. பேரன் இப்ப கதிரையில ஏறுறானாம், ரெண்டு திறப்பும் உன்ர இடுப்பில இரிக்கட்டும். யானை விரட்டுற யானை வெடியை இந்தப் பெட்டிக்குள்ள சேர்க்காத, அதுக்கு வேற பெட்டி தாறன்.

லைசன்ஸ் புதுப்பிக்க டிசம்பருக்குள்ள டவுனுக்கு வருவாய்தானே, அப்ப வீட்டுக்கு வந்து ரெண்டையும் எடுத்திட்டுப் போ. அதுவரைக்கும் தோட்டாவைப் பசளை அறையில இருந்து இண்டைக்கே எடு. கடிதத்தை மடிச்ச கையோட எழும்பு. பெட்டிக்குச் சல்லி வேணாம், ஒரு முட்டி தயிர் போதும். போன தரம் தந்த மாதிரித் தண்ணித் தயிர் எண்டா யானை வெடிப் பெட்டி கிடையாது.

உன்ர மச்சான்