ஒன்பதாம் வகுப்பின் நிலப் பயன்பாட்டுச் செயல்திட்டம்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இந்தப் பருவத்தில் செய்துவரும் நிலப் பயன்பாட்டு வரைபடச் செயல்திட்டம் பற்றி உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருந்தீர்கள். வீடும் சாலையும் தொழிற்சாலையும் வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோமோ என்ற கவலை அக்கேள்விகளில் தெரிந்தது. அப்படி இல்லை. குடியிருக்கவும் பயிரிடவும் நிலம் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எது எங்கே அமைய வேண்டும், அதை எந்தக் கட்டத்தில் முடிவுசெய்ய வேண்டும் என்பதே பாடம்.

அவர்களுக்குக் கொடுத்துள்ள மாதிரி வரைபடத்தில், மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் தாழ்நிலம் ஒன்று ‘பயன்பாடற்ற நிலம்’ என்று குறிக்கப்பட்டுள்ளது. கோடையில் பார்ப்பவர் கண்ணுக்கு அது வெடித்துக் கிடக்கும் களிமண்தான். ஆனால் அந்த வெடிப்புகளுக்கு அடியில் கோரைக் கிழங்குகளும், கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்வாழ் சிற்றுயிர்களின் முட்டைகளும் அடுத்த மழைவரை உயிரோடு இருக்கின்றன. மழை வந்ததும் அவை தவளைக்கும் மீனுக்கும் பறவைக்கும் இரையாகும் ஓர் உலகத்தைச் சில வாரங்களில் எழுப்பிவிடுகின்றன. அதே நிலம் வெள்ளத்தைத் தேக்கி, மெல்ல நிலத்தடிக்கு அனுப்புகிறது. மண் கொட்டி மேடாக்கினால் அந்த நீர் அடுத்த தாழ்வான இடத்தைத் தேடிப் போகும். அந்த இழப்பை விற்றவரும் ஏற்பதில்லை, வாங்கியவரும் ஏற்பதில்லை. விற்பனையில் எந்தப் பங்கும் இல்லாத வேறு யாரோ ஏற்கிறார்கள். நிலத்தின் விலையில் இச்சேவைகள் கணக்கில் வராததால்தான் இதைச் சந்தையிடம் மட்டும் விட்டுவிடாமல் அரசின் கொள்கை முன்கூட்டியே தலையிட வேண்டியிருக்கிறது.

1970-க்குப் பிறகு நிலத்திலும் நன்னீரிலும் உயிரினங்களை மிக அதிகமாகப் பாதித்தது நிலப் பயன்பாட்டு மாற்றமே என்று, பல்லுயிரியம் (பலவகை உயிரினங்களின் வளம்) குறித்த பன்னாட்டு அரசுகளிடை அறிவியல் மன்றம் 2019-இல் வெளியிட்ட மதிப்பீடு கூறியது. 2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியலில் பல்லுயிரியத்தைக் காக்க நாடுகள் ஏற்ற 23 இலக்குகளில், 2030-க்குள் 30 விழுக்காடு நிலத்தையும் கடலையும் காப்பது என்பதே செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது. எல்லாப் பகுதிகளுக்கும் பல்லுயிரியத்தைக் கருத்தில்கொண்ட இடத்திட்டம் (எந்த இடம் எதற்கு என்று முன்கூட்டியே வகுப்பது) வேண்டும் என்னும் முதல் இலக்கே அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் வாழ்வது எஞ்சிய 70 விழுக்காட்டில்தான்.

திட்டமிடுவோர் பின்பற்றும் வரிசையையும் மாணவர்கள் கற்கிறார்கள்: பாதிப்பை முதலில் தவிர்க்க வேண்டும், முடியாவிட்டால் குறைக்க வேண்டும், பின்னர் சீரமைக்க வேண்டும், ஈடுசெய்தல் கடைசி வழி. நடைமுறையில் பல நேரம் கடைசிப் படியிலிருந்தே பேச்சு தொடங்குகிறது: மரத்தை வெட்டிவிட்டு வேறிடத்தில் நட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். 1998-இல் யாங்சி ஆற்றின் பெருவெள்ளத்துக்குப் பிறகு சீனா சரிவு நிலங்களை மீண்டும் காடாக்க உழவர்களுக்குத் தானியமும் பணமும் கொடுத்தது. மண்ணரிப்பு குறைந்தது, ஆனால் பல இடங்களில் ஒரே வகை மரங்கள் நடப்பட்டதால் இயற்கைக் காட்டின் உயிர்வளம் அங்கே திரும்பவில்லை. பரப்பளவு மட்டும் போதாது என்பதற்குப் பிரேசிலின் மனாவுஸ் அருகே 1979-இல் தொடங்கிய ஆய்வும் சான்று. 1, 10, 100 ஹெக்டேர் எனத் துண்டிக்கப்பட்ட காடுகளின் ஓரங்களில் வெப்பமும் காற்றும் உட்புகுந்து பெரிய மரங்கள் வேகமாகச் சாய்ந்தன. ஆகவே சாலைக்காக எத்தனை மரம் போகிறது என்பதோடு, அது எதை இரண்டாகப் பிளக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பெற்றோரிலும் இருக்கிறார்கள். ஊர் நன்மைக்காக ஒருவர் தம் நிலத்தை அப்படியே விட்டுவைத்தால் அதன் சுமையை அவர் மட்டும் தாங்குவது முறையல்ல. கோஸ்டாரிகா 1996-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் மூலம், காட்டைக் காக்கும் நில உடைமையாளர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது; அதற்கான நிதியின் ஒரு பகுதி எரிபொருள் வரியிலிருந்து வந்தது. இதுவும் பாடத்தில் உண்டு.

முடிந்த வரைபடங்கள் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வைக்கப்படும். உழவு, கட்டுமானம், நில அளவை ஆகிய துறைகளில் இருப்பவர்கள் அவசியம் வந்து, ‘இந்தச் சாலையை ஏன் இங்கே வளைத்தாய், செலவு அதிகமாகாதா?’ என்று மாணவர்களிடம் நேராகவே கேளுங்கள். களப் பயணத்துக்கான ஒப்புதல் படிவத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் கையொப்பமிட்டு அனுப்புங்கள். பயணத்தன்று சேற்றில் நடக்க வேண்டியிருப்பதால் பழைய காலணியும் மாற்றுடையும் கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்